மெஸ் கதவில் ஒட்டிய எடைப் பட்டியலை எடுத்துவிடுங்கள்

மதிப்பிற்குரிய கல்லூரி முதல்வர் அம்மாவுக்கும், விடுதிக் காப்பாளருக்கும், நிர்வாகக் குழுவில் இருக்கும் மற்றவர்களுக்கும்,

ஆவணி முதல் வாரம் உங்கள் விடுதி மெஸ் கதவில் ஒரு பட்டியல் ஒட்டினீர்கள். விடுதியில் இருக்கும் அத்தனை பிள்ளைகளின் பெயர், வகுப்பு, உயரம், எடை, உயரத்துக்கு எடை சரியா என்று பார்க்கிற பிஎம்ஐ எண். பெயருக்கு நேரே ஸ்கெட்ச் பேனாவால் பச்சை, மஞ்சள், சிவப்பு வட்டங்கள், சரியான எடைக்குப் பச்சை, கூடக் கூட மஞ்சள், சிவப்பு. மேலே 'ஆரோக்கிய மாதம்' என்று தலைப்பு, இரண்டு பக்கமும் பூ வேறு வரைந்திருந்தது. அதைப் போட்டோ எடுத்து பெற்றோர் வாட்ஸ்அப் குழுவிலும் போட்டீர்கள். நான் அங்கேதான் பார்த்தேன், குறுவைக்கு மேலுரம் போட்டுவிட்டு வரப்பில் உட்கார்ந்திருந்தபோது. என் மகள் பெயருக்கு நேரே மஞ்சள் வட்டம் இருந்தது.

சாப்பிட விடாமல் பட்டினி போடுகிற ஒரு மனநோயிலிருந்து மீண்டு அவள் அந்த மஞ்சளுக்கு வந்து சேர எங்கள் வீடே எட்டு மாதம் பாடுபட்டது. போன வருஷம் கார்த்திகையிலிருந்து இந்த வருஷம் ஆனி வரைக்கும் அவள் எதற்காக வீட்டில் இருந்தாள் என்று டாக்டர் சான்றிதழோடு எழுதிக் கொடுத்திருந்தேன். அந்தக் காகிதம் உங்கள் ஆபீஸில் எந்த ஃபைலுக்குள் போனதோ. பட்டியல் ஒட்டிய அன்றைக்கு ராத்திரியிலிருந்து அவள் மெஸ்ஸுக்குப் போகவில்லை. மூன்றாம் நாள் எனக்கு போன் செய்தது நீங்கள் இல்லை, அவளோடு அறையில் இருக்கும் பிள்ளை. போய்க் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

எடை போடுவதைப் பற்றி எனக்கும் கொஞ்சம் தெரியும் அம்மா. மூன்று ஏக்கர் சொந்தம், இரண்டு ஏக்கர் குத்தகை, குறுவையும் தாளடியும் போடுகிற ஆள். இதை எழுதுகிற நேரத்தில் என் நெல் நேரடி கொள்முதல் நிலையத்து வாசலில் ஆறு நாளாகக் குவிந்து கிடக்கிறது, மேலே தார்ப்பாய், பக்கத்தில் கயிற்றுக் கட்டிலில் நான். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் தள்ளி வைப்பார்கள், சரியாக இருந்தால் 40 கிலோ சிப்பமாகப் பிடிப்பார்கள். அங்கேகூட இன்னார் நெல்லில் இவ்வளவு பதர், இன்னார் நெல் இவ்வளவு கருப்பு என்று எழுதி வாசல் கதவில் ஒட்டி ஊருக்குக் காட்டுவதில்லை.

முழுக்கதையையும் சொல்ல வேண்டியிருக்கிறது, இல்லையென்றால் ஒரு வட்டத்துக்கு இந்த ஆள் ஏன் இவ்வளவு குதிக்கிறான் என்று தோன்றும். மகள் படித்துப் பார்த்தாள், இரண்டு இடத்தை அடித்துவிட்டாள், மிச்சத்தை எழுதலாம் என்றாள். எத்தனை கிலோ குறைந்தாள், ஒரு நாளைக்கு என்ன சாப்பிட்டாள் என்ற எண்கள் எதையும் நான் எழுதப் போவதில்லை. இந்த நோயில் இருக்கும் பிள்ளைகள் அப்படி ஒரு எண்ணைப் பார்த்தால் அதோடு போட்டி போட ஆரம்பித்துவிடுவார்கள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நீங்கள் அந்த எண்களைத்தான் சாப்பாட்டு அறைக் கதவில் ஒட்டியிருக்கிறீர்கள்.

என் தப்பிலிருந்தே ஆரம்பிக்கிறேன். ப்ளஸ் டூ முடிந்த லீவில் ஒரு நாள் அவளை டிவிஎஸ் ஐம்பதில் பின்னால் ஏற்றிக்கொண்டு மன்னார்குடி போனேன். பாலத்து மேட்டில் வண்டி திணறியது. "நீ ஏறினா வண்டி இழுக்க மாட்டேங்குதும்மா, இறங்கி நட" என்றேன். சிரித்துக்கொண்டே இறங்கி நடந்தாள். இரண்டு வருஷம் கழித்து டாக்டர் முன்னால் உட்கார்ந்து அந்தப் பாலம், அன்றைக்குப் போட்டிருந்த சுடிதார், நான் சொன்ன வாக்கியம் எல்லாவற்றையும் அப்படியே சொன்னாள். எனக்கு அப்படிச் சொன்ன ஞாபகமே இல்லை.

அதே லீவில் கும்பகோணத்தில் ஒரு கல்யாணம். என் தங்கை, அதாவது அவளுடைய அத்தை, பந்தியில் வைத்து, "அண்ணனை நெல்லு விக்க விடாம நீயே முடிச்சிடுவ போலிருக்கேடி" என்றாள். வரிசையே சிரித்தது. பரிமாறிக்கொண்டு நின்றவர்களில் அத்தை மகனும் இருந்தான், முறைப்பையன் என்று எல்லோரும் கேலி பேசுகிற பையன். இத்தனைக்கும் இவள் வயசுக்கு வந்தபோது பதினோரு நாளும் உளுந்தங்களி கிண்டி, நடுவில் குழி பறித்து நல்லெண்ணெய் ஊற்றி, "இடுப்புக்கு பலம்டி, முழுங்கு" என்று ஊட்டியவள் அதே அத்தைதான். பதிமூன்று வயசில் சாப்பிடு சாப்பிடு என்கிறோம், பதினெட்டு வயசில் இவ்வளவு சாப்பிடுகிறாயே என்கிறோம். தங்கையிடம் பின்னால் இதைச் சொன்னபோது, "நான் விளையாட்டாத்தானேண்ணே சொன்னேன்" என்று அழுதாள். நானும் விளையாட்டாகத்தான் சொன்னேன்.

இதனால்தான் நோய் வந்தது என்று டாக்டர் சொல்லவில்லை. பிறவிக்கூறு, சுபாவம், வயசு, சுற்றியிருப்பவர்கள் பேச்சு, பட்டினி மூளைக்குள் செய்கிற வேலை எல்லாம் சேர்ந்து வருவது, ஒருத்தரைக் குற்றவாளியாக்கி உட்கார வைத்துவிட்டால் ஆயிற்று என்று நினைக்காதீர்கள், ஒரு காலத்தில் எல்லாப் பழியையும் அம்மாக்கள் தலையில் போட்டார்கள், அது தப்பென்று மருத்துவ உலகமே ஒத்துக்கொண்டுவிட்டது என்றார். ஆனாலும் அந்தப் பாலத்தைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு ஒரு மாதிரி இருக்கிறது, அதை டாக்டர் ஒன்றும் செய்ய முடியாது.

உங்கள் கல்லூரியில் சேர்ந்த பிறகு மாதம் ஒருமுறை வீட்டுக்கு வருவாள். வெள்ளிக்கிழமை விரதம் என்றாள். அப்புறம் செவ்வாய் சேர்ந்தது, சஷ்டி, பிரதோஷம், புரட்டாசியில் சனி. "இந்தக் காலத்துல இப்படி ஒரு பொண்ணா" என்று தெருவே மெச்சியது, என் அம்மா, அவளுக்கு அப்பாயி, பூரித்துப் போனார். விரதம் இருக்கிற பெண்ணை ஏன் சாப்பிடவில்லை என்று நம் ஊரில் யார் கேட்பார்கள்? அந்தத் தீபாவளிக்கு அவளே பாகு வைத்து எண்பது அதிரசம் சுட்டாள். எல்லோருக்கும் எடுத்து எடுத்து வைத்தாள், செல்போனில் எந்நேரமும் சமையல் வீடியோதான். அவள் அதில் ஒன்றைக்கூட வாயில் வைக்கவில்லை என்பது யாருக்கும் தெரியாது. எனக்கு எப்படித் தெரியும்? எங்கள் வீட்டில் முதல் தட்டு எனக்கு. நான் சாப்பிட்டு, கையைக் கழுவி, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போன பிறகுதான் பெண்கள் உட்காருவார்கள். கல்யாணப் பந்தி தவிர, பத்தொன்பது வருஷத்தில் என் மகள் சாப்பிடுவதை நான் உட்கார்ந்து பார்த்தது கிடையாது. டெல்டாவில் சோற்றுக்குப் பஞ்சமில்லை என்று பெருமை பேசுகிற வீடுகளில் பாதி இப்படித்தான்.

ஆனால் உங்களுக்குத் தெரிந்திருக்கும். உங்கள் மெஸ்ஸில் டோக்கன் முறை. டோக்கன் கொடுக்காத வேளைக்குக் காசு பிடிப்பதில்லை, நல்ல முறைதான். அவள் இரண்டாம் வருஷம் போன பிறகு மெஸ் பில் மாதாமாதம் குறைந்துகொண்டே வந்தது. புரட்டாசி மாத பில் வழக்கமாக வருவதில் கால்வாசிகூட இல்லை. உங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டரில் காலை, மதியம், ராத்திரி என்று தேதிவாரியாக எல்லாம் இருந்தது. அதை வைத்து அணா பைசா பிசகாமல் கணக்குப் பார்த்துக் கழித்துக் கொடுத்தீர்கள், இந்தப் பிள்ளை எங்கே சாப்பிடுகிறது என்று ஒருத்தர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பில்லைப் பார்த்துவிட்டு நான் என்ன செய்தேன் தெரியுமா? சந்தோஷப்பட்டேன். பிள்ளை சிக்கனமாக இருக்கிறது என்று மனைவியிடம் சொன்னேன். அந்தப் பில்களை இன்னமும் வைத்திருக்கிறேன்.

உடற்பயிற்சி வகுப்பில் அவளை முன்னால் நிறுத்தி, மூன்று மாதத்தில் இந்தப் பெண் எப்படி மாறியிருக்கிறாள் பாருங்கள், மனசு வைத்தால் முடியும் என்று கை தட்டச் சொன்னார்கள். சொன்ன ஆசிரியை நல்லவர்தான், கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

நடுவில் வீட்டில் ஒன்று நடந்தது. இதை எழுதச் சொன்னவளே மகள்தான். அவள் தலைக்குக் குளித்து நாலு மாதம் ஆகிறது என்பதை அவள் அம்மா கண்டுபிடித்தாள். எந்த அம்மாவுக்கும் முதலில் என்ன பயம் வரும்? தெரிந்தவர்கள் யாரும் பார்த்துவிடக் கூடாது என்று திருவாரூர் வரைக்கும் பஸ்ஸில் போய் மெடிக்கலில் கர்ப்பம் பார்க்கிற அட்டையை வாங்கி வந்து, கதவைச் சாத்திக்கொண்டு பெண் கையில் கொடுத்தாள். ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் நாங்கள் இருவரும் குலதெய்வத்துக்கு வேண்டிக்கொண்டதை நிறைவேற்றினோம். மாதவிடாய் ஏன் நின்றது என்ற கேள்வி அந்த நிம்மதியில் அப்படியே அமுங்கிப் போனது. பட்டினி கிடக்கும் உடம்பு முதலில் நிறுத்தி வைக்கிற வேலைகளில் மாதவிடாய் ஒன்று என்பதெல்லாம் பின்னால் தெரிந்ததுதான். ஒரு டாக்டர் ஹார்மோன் கோளாறு என்று மாத்திரை கொடுத்தார், இன்னொருவர் அல்சர் என்று எண்டோஸ்கோபி வரைக்கும் போனார், கண்ணு பட்டிருக்கிறது என்று அப்பாயி உப்பு மிளகாய் சுற்றிப் போட்டார், குணசீலம் கோயிலுக்குப் போய்விட்டு வரச் சொன்னார்கள், போய்விட்டு வந்தோம். அம்மாவோடு அவள் அதற்கப்புறம் இரண்டு மாதம் சரியாகப் பேசவில்லை.

கார்த்திகையில் மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு காலையில் கொல்லைப்புறத்தில் மயங்கி விழுந்தாள். நான்தான் தூக்கினேன். சிப்பம் தூக்கிப் பழகிய தோள், ஆள் எவ்வளவு குறைந்திருக்கிறாள் என்று அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. தஞ்சாவூரில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நாடித் துடிப்பு மிகவும் மெதுவாக இருந்தது, ரத்தத்தில் பொட்டாசியம் விழுந்திருந்தது. சாப்பிட்டதை வாந்தி எடுப்பதும் இடையிடையே இருந்திருக்கிறது, பொட்டாசியம் குறைந்தால் இதயம் தடுமாறும் என்றார்கள். மனநலப் பிரிவு டாக்டர் வந்து பார்த்துத்தான் பெயர் சொன்னார்: அனோரெக்ஸியா நெர்வோசா வகை. அந்தப் பெயருக்குப் பசியின்மை என்று அர்த்தமாம், ஆனால் அவளுக்கு நாள் முழுக்கப் பசித்தது, பசிக்க பசிக்கத்தான் சாப்பிடாமல் இருந்தாள். மனநோய்களில் உயிரை எடுப்பதில் முன்வரிசையில் நிற்கிற நோய் இது. செல்போன் வந்ததால் வந்தது என்று எங்கள் ஊரில் சொன்னார்கள். லண்டன் டாக்டர் ஒருத்தர் இந்தப் பெயரை வைத்தது 1870-களிலேயே.

முதல்வர் அம்மா, இனிமேல் சொல்லப்போவதை மட்டுமாவது இரண்டு தடவை படியுங்கள். அவ்வளவு மோசமாக இருந்த அன்றைக்கும் அவளுடைய பிஎம்ஐ உங்கள் அட்டவணைப்படி கீழ்க்கோட்டுக்குக் கொஞ்சம் மேலேதான் இருந்தது. கொஞ்சம் பூசினாற்போல இருந்த உடம்பு கிடுகிடுவென்று இறங்கினால், எடை இன்னும் 'சரியாக' இருக்கும்போதே உள்ளே எல்லாம் கெட்டுப்போகும், அதற்கும் ஆபத்து அதேதான் என்றார் டாக்டர். அதாவது அவள் மயங்கி விழுவதற்குப் பத்து நாள் முன்னால் நீங்கள் இந்தப் பட்டியலைப் போட்டிருந்தால் அவள் பெயருக்கு நேரே பச்சை வட்டம் வந்திருக்கும். செத்துக்கொண்டிருந்தபோது பச்சை, பிழைத்து வந்த பிறகு மஞ்சள். எங்கள் வம்சமே கொஞ்சம் பூசினாற்போலத்தான், மாதவிடாய் திரும்ப வந்து, படியேறினால் தலைசுற்றாமல் இருக்கிற எடை எதுவோ அதுதான் அவளுடைய எடை, அட்டவணையைப் பார்க்காதீர்கள் என்று டாக்டர் திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்பியிருந்தார்.

பிஎம்ஐ எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்த்தேன், ஆஸ்பத்திரி வராந்தாவில் வேறு என்ன வேலை. 1830-களில் பெல்ஜியத்தில் கெட்லே என்று ஒருவர், டாக்டர் இல்லை, வானியலும் புள்ளியியலும் பார்த்தவர், மக்கள்தொகையின் சராசரி மனிதன் எப்படி இருப்பான் என்று கணக்குப் போட்டபோது வந்த வாய்ப்பாடு அது. 1972-இல் அதற்கு பிஎம்ஐ என்று பெயர் வைத்தவர் அமெரிக்காவில் ஆன்செல் கீஸ். அவரும் கூட்டம் கூட்டமாக ஆட்களை அளந்து பார்த்துத்தான் வைத்தார், அளந்ததெல்லாம் ஆம்பளைகளை. இதே கீஸ்தான் அதற்கு முன்னால், உலகப்போர் முடிகிற சமயம், 1944-45-இல் மினசோட்டாவில் திடகாத்திரமான 36 இளைஞர்களை, அவர்கள் சம்மதத்தோடு, ஆறு மாதம் அரைவயிறாக வைத்து என்ன ஆகிறது என்று பார்த்தவர். அவர்கள் சமையல் புத்தகங்களைச் சேர்த்து வைத்துப் படித்தார்கள், தட்டில் இருப்பதைப் பிரித்துப் பிரித்து மணிக்கணக்கில் சாப்பிட்டார்கள், எரிந்து விழுந்தார்கள், யாரோடும் சேராமல் சுருண்டு கிடந்தார்கள், எந்நேரமும் சாப்பாட்டு நினைப்பு. இதை வாசித்தபோது எண்பது அதிரசம் எனக்கு ஞாபகம் வந்தது. அதுவரைக்கும் மகளுக்குத் திமிர் என்று என் மனசில் ஒரு மூலையில் இருந்தது, அன்றைக்குப் போயிற்று.

சிகிச்சை என்று டாக்டர் எழுதிக் கொடுத்ததில் மாத்திரையைவிட சோறுதான் அதிகம். லண்டனில் மாட்ஸ்லி என்ற ஆஸ்பத்திரியில் 1980-களில் வளர்த்தெடுத்த முறை ஒன்று இருக்கிறதாம், சின்ன வயசுப் பிள்ளைகளுக்குப் பெற்றோரே கொஞ்ச காலம் சாப்பாட்டுப் பொறுப்பை முழுக்கக் கையில் எடுத்துக்கொள்வது, உடம்பு தேறத் தேறப் பொறுப்பைத் திரும்பக் கொடுப்பது. இவள் வயசு கொஞ்சம் கூடுதல்தான், ஆனாலும் வீட்டோடு இருப்பதால் அதை ஒட்டியே செய்து பார்ப்போம் என்றார். முதல் பத்து நாள் ஆஸ்பத்திரியிலேயே வைத்து கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்டினார்கள். காய்ந்து கிடக்கிற வாய்க்காலில் மதகை முழுசாகத் தூக்கினால் கரை பிய்த்துக்கொண்டு போகும் இல்லையா, அதுபோல பட்டினி உடம்பில் திடீரென்று சோற்றைக் கொட்டினால் ரத்தத்தில் பாஸ்பேட் இறங்கி உயிருக்கே ஆபத்தாகும் என்று தினமும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு மூன்று வேளைச் சாப்பாடு, இடையில் இரண்டு வேளை ஏதாவது. ஐந்து வேளையும் நான் பக்கத்தில் உட்கார்ந்தேன், எனக்கும் அவளுக்கும் ஒரே நேரத்தில் தட்டு. என் அம்மா காலத்து வழக்கம் அன்றோடு எங்கள் வீட்டில் முடிந்தது, அப்பாயியே, "போனா போகுது, எல்லாரும் ஒண்ணா உக்காருங்க" என்றார். ஒரு இட்லியை முக்கால் மணி நேரம் பிய்த்துக்கொண்டிருப்பாள். சாப்பாட்டைப் பற்றிப் பேசக் கூடாது, எடையைப் பற்றிப் பேசக் கூடாது, கெஞ்சவும் கூடாது, எழுந்தும் போகக் கூடாது. நான் வாய்க்கால் தூர்வாருவது, மேட்டூர் ஜூன் 12-க்குத் திறப்பார்களா மாட்டார்களா, உளுந்துக்கு மஞ்சள் நோய் வந்தது என்று எனக்குத் தெரிந்ததைப் பேசிக்கொண்டிருப்பேன். தட்டைத் தூக்கி எறிந்திருக்கிறாள். "உன்னால்தான்" என்று கத்தியிருக்கிறாள். கத்துவது அவள் இல்லை, நோய் என்று டாக்டர் சொல்லிக் கொடுத்திருந்தார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, சாம்பார் சட்டையில் வழியும்போது ஞாபகம் வருவது கஷ்டம். சாப்பிட்ட பிறகு ஒரு மணி நேரம் தனியாக விடக் கூடாது என்றார்கள், அதற்கு அப்பாயி பரணிலிருந்து தாயக்கட்டையை எடுத்தார். எட்டு மாதத்தில் எத்தனை ஆட்டம் ஆடியிருப்போமோ, அப்பாயிதான் அதிகம் ஜெயித்தார், கள்ளாட்டம். வைகாசியில் ஒரு சாயங்காலம் அவளாகவே பழைய சோறும் சுண்டைக்காய் வற்றலும் கேட்டாள். என் மனைவி அடுப்படிக்குள் போய் நின்று அழுதுவிட்டு வந்து போட்டாள்.

இப்படித் தேற்றிக் கொண்டுவந்து விட்ட பிள்ளையைத்தான் உங்கள் கதவு மூன்று நாளில் திருப்பி அனுப்பியது. உங்களை நேரில் வந்து பார்த்தேன். "இதுல மறைக்கிறதுக்கு என்ன சார் இருக்கு? மத்த பேரண்ட்ஸ் எல்லாம் பாராட்டுறாங்க. அடுத்த மாசத்துல இருந்து மாசாமாசம் போடப் போறோம்" என்றீர்கள். அதனால்தான் இந்த மடல்.

உங்கள் அக்கறையைக் குறை சொல்ல வரவில்லை. தமிழ்நாட்டில் உடல் பருமன் உண்மையான பிரச்சினை, சர்க்கரை நோய் எங்கள் தெருவிலேயே வீட்டுக்கு ஒருத்தருக்கு இருக்கிறது. அதே நேரத்தில் 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வைப் பார்த்தால் நம் மாநிலத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கும் மேல் ரத்தசோகை. உங்கள் பட்டியலில் ஹீமோகுளோபினுக்கு ஒரு கட்டம் இல்லை. எடைக்கு மட்டும் இருந்தது, ஏனென்றால் எடை பார்க்க ஒரு மெஷின் போதும். சிவப்பு வட்டம் வாங்கிய பிள்ளைகளில் எத்தனை பேர் அன்றைக்கு ராத்திரி சாப்பிடவில்லை என்று உங்கள் டோக்கன் கணக்கையே எடுத்துப் பாருங்கள், நான் சொல்ல வேண்டியதில்லை.

நான் கேட்பது இவைதான். அந்தப் பட்டியலை இந்த வாரமே எடுத்துவிடுங்கள், வாட்ஸ்அப் குழுவில் போட்டதையும் அழியுங்கள், இனி எந்த மாணவியின் எடையும் எங்கும் ஒட்டப்படாது, பெற்றோர் குழுவிலும் போடப்படாது என்று எழுத்தில் ஒரு அறிவிப்புக் கொடுங்கள். வாயால் சொன்னால் போதாது, அடுத்த வருஷம் வேறு காப்பாளர் வருவார். எடை பார்த்தே ஆக வேண்டுமென்றால் நர்ஸ் வைத்து, மூடிய அறையில், பிள்ளையின் சம்மதத்தோடு பாருங்கள், வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். கூடவே ரத்தமும் பாருங்கள். மெஸ்ஸில் சாதம் போடுகிற இடத்தில் 'இரண்டாம் முறை கேட்கும் முன் யோசி' என்று ஒரு போர்டு வைத்திருக்கிறீர்களே, அதையும் கழற்றுங்கள்.

டோக்கன் கணக்கை இனி பில்லுக்கு மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள். ஊருக்குப் போகாத பிள்ளை ஒன்று தொடர்ந்து இரண்டு நாள் மெஸ்ஸுக்கு வரவில்லையென்றால் காப்பாளர் அந்த அறைக்குப் போக வேண்டும். விசாரணை வேண்டாம், மிரட்டல் வேண்டாம், ஒரு தட்டைக் கொண்டுபோய்ப் பக்கத்தில் உட்கார்ந்து தானும் சாப்பிட்டால் பாதி தெரிந்துவிடும். அதற்கப்புறம் வீட்டுக்கு போன் செய்யுங்கள், பில் வரும் வரைக்கும் காத்திருக்க வைக்காதீர்கள். விரதம் என்று சொல்கிற பிள்ளையையும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

காப்பாளர்களுக்கும் உடற்பயிற்சி ஆசிரியைகளுக்கும் ஒரு நாள் பயிற்சி கொடுங்கள். ஐந்து கேள்வி தெரிந்தாலே போதும், 1999-இல் இங்கிலாந்தில் டாக்டர்கள் வைத்தது, இன்றைக்கும் உலகம் முழுக்கக் கேட்கிறார்கள்: வயிறு முட்டிப் போச்சே என்ற சங்கடத்தில் நீயாக வாந்தி எடுக்கிறாயா, எவ்வளவு சாப்பிடுகிறோம் என்பது கைமீறிப் போனதாகக் கவலையாக இருக்கிறதா, மூன்று மாதத்துக்குள் ஆறு கிலோவுக்கு மேல் குறைந்திருக்கிறாயா, மற்றவர்கள் ஒல்லி என்று சொன்னாலும் குண்டாக இருப்பதாக நம்புகிறாயா, சாப்பாட்டு நினைப்பே உன் வாழ்க்கையை ஆட்டி வைக்கிறதா. இரண்டுக்கு ஆமாம் என்றால் டாக்டரிடம் அனுப்ப வேண்டும். இதையும் வரிசையில் நிற்க வைத்துக் கேட்டுவிடாதீர்கள், தயவுசெய்து.

மனநல ஆலோசகர் அறை என்று போர்டு போட்ட அறையில் இப்போது ஜெராக்ஸ் மெஷினும் பழைய விடைத்தாள் கட்டும் இருக்கிறது, நானே பார்த்தேன். அந்த இடத்தைக் காலி செய்து ஒரு ஆலோசகரைப் போடுங்கள். ஆள் வரும் வரைக்கும் 14416 என்ற டெலி மானஸ் எண்ணை எழுதி வையுங்கள், 2022 அக்டோபரிலிருந்து அரசு நடத்துகிற இலவச எண், இருபத்துநாலு மணி நேரமும் எடுப்பார்கள், தமிழிலும் பேசலாம். பட்டியல் இருந்த அதே கதவில், அதே அளவு எழுத்தில் ஒட்டினால் நல்லது.

இன்னொன்று என் மகளுக்காக மட்டும். எட்டு மாதம் வராததற்கு வருகைப் பதிவு குறைவு என்று ஒரு வருஷத்தைத் திரும்பப் படிக்கச் சொன்னீர்கள், சரி, படிக்கிறாள். இப்போது இந்த ஐந்து வாரத்தையும் அவள் கணக்கில் எழுதாதீர்கள். மஞ்சள் காமாலை வந்த பிள்ளைக்கு மருத்துவ விடுப்பு தருகிறீர்கள். 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம் மருத்துவத்தில் மனநோயையும் உடல்நோயையும் சமமாகப் பார்க்கச் சொல்கிறது, உங்கள் வருகைப் பதிவேடும் அப்படிப் பார்க்கட்டும். இந்த விடுப்புக்குக் காரணம் அவள் உடம்புகூட இல்லை, உங்கள் கதவு.

ஐப்பசி பிறப்பதற்குள் பதிலை எழுத்தில் அனுப்புங்கள். கூடவே அந்தக் கதவை ஒரு போட்டோ எடுத்து அதே வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள். அவள் இன்னும் அந்தக் குழுவை என் போனில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பட்டியல் இல்லாத கதவைப் பார்த்த அன்றைக்குச் சாயங்கால பஸ்ஸில் நானே கொண்டுவந்து விடுகிறேன்.

இப்படிக்கு,
இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தியின் அப்பா
நீடாமங்கலம் பக்கம், புரட்டாசி